வீட்டுக்குள் விடுவதற்கான விதிகள்

2002, ஆகஸ்ட்: மகளின் பழைய கணினி எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து மல்லேஸ்வரம் வீட்டுக்கு ஆட்டோவில் வந்தது. என் படிப்பறையில், தையல் இயந்திர மேசையின் மேல் வைக்கப்பட்டது.

2002, செப்டம்பர்: அது வீட்டின் கோப்பு சர்வர் ஆக்கப்பட்டது. கூடத்தில் இருந்த கணினிக்கும் அதற்கும் இடையே கம்பி இழுக்கப்பட்டது. பயனர்கள்: அப்பா, அம்மா, பாப்பா. நிர்வாகி: அப்பா.

2003, ஜனவரி: அனுமதி விதிகள் எழுதப்பட்டன. பின்னர் பலமுறை திருத்தப்பட்டன.

2005, நவம்பர்: என் மனைவி காலமானார்.

2006, ஏப்ரல்: அம்மாவின் கோப்புகளை வீட்டின் பொதுப் பெயருக்கு மாற்ற ஒரு கட்டளை இடப்பட்டது. கட்டளை நிறைவேறியது.

மேற்கண்ட பதிவில் பிழை எதுவும் இல்லை. கடைசி வரி பற்றி மட்டும் ஒரு விளக்கம் தேவை. கட்டளை நிறைவேறியது உண்மை. நான் இட நினைத்த கட்டளை அதுவல்ல என்பதும் உண்மை.

பணிக்காலம் முழுவதும் கல்வெட்டு படித்தவன் நான். பழைய கல்லில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகரமும் ஏகாரமும் ஒரே வடிவில் நிற்கும். இடம் பார்த்து, வாக்கியம் பார்த்து, வெட்டியவன் எதைச் சொல்ல வந்தான் என்று ஊகித்துப் படிக்க வேண்டும். இப்படி ஊகித்து ஊகித்தே ஓய்வூதியம் வரை வந்துவிட்ட ஒருவனுக்கு, ஐயத்துக்கு இடமே தராத ஓர் இயந்திரம் கிடைத்தால் என்ன ஆகும்? அவன் சட்டம் இயற்றத் தொடங்குவான்.

சர்வரில் எல்லாவற்றையும் தாங்கும் பெரிய கோப்புறைக்கு ‘வீடு’ என்று பெயரிட்டேன். உண்மையில், அப்படிப் பெயரிட முயன்றேன். இயந்திரம் அன்று தமிழ் எழுத்தை ஏற்கவில்லை. ஆங்கில எழுத்தில் எழுத வேண்டும். ஈகாரத்தின் தலைமேல் கோடும் டகரத்தின் அடியில் புள்ளியும் வைப்பதுதான் கற்றறிந்தோர் முறை. அந்தக் கோட்டையும் புள்ளியையும் இயந்திரம் ஏற்கவில்லை. ‘ஈ’ என்பதற்கு இரண்டு ‘இ’ போடும் கடைப்பலகை வழக்கத்தை நான் ஏற்கவில்லை. ஆகவே வீ, ஐ, டீ, யூ என்ற நான்கு எழுத்துகளில் நின்றது.

என் மனைவி மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தாள்.

“விடு.”

“வீடு” என்றேன்.

“எனக்கு விடுன்னுதான் படிக்குது. எதை விடணுமாம்?”

“இடம் பார்த்துப் படிக்கணும்.”

“இடம் பாத்துட்டேன். என் தையல் மிஷின் மேல உக்காந்திருக்கு.”

அவள் பள்ளியில் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். இந்த ஊரிலேயே, இந்த வீட்டிலேயே பிறந்தவள். வீடு அவள் அப்பா கட்டியது. அவள் பெயரில் இருப்பது. நான் வேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியுடன் வந்து சேர்ந்தவன். மணமான புதிதில் ஒரு நாள் சாப்பாட்டின்போது, பல்லவர் கால எழுத்தமைதி பற்றி அவளுக்கு விரிவாக எடுத்துரைத்துக்கொண்டிருந்தேன். நடுவில் அவள், “பிடி, பிடி” என்றாள். ஏதோ தரப்போகிறாள் என்று இரண்டு கையையும் நீட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் மாமனார் கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தார். கன்னடத்தில் அதற்கு ‘விட்டுவிடுங்கள்’ என்று பொருள். அவள் சொன்னால் முதலெழுத்து பகரத்துக்குப் பதிலாக, ‘பாய்’ என்று அண்டைவீட்டாரை அழைக்கும்போது வருமே, அந்த அழுத்தமான ஒலியில் வரும். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். நம் விடு, அவர்கள் வாயில் பகரத்தோடு நிற்கிறது. மொழியியல் அறிந்த எவருக்கும் தெரிந்த செய்தி. எனக்கும் தெரியும். கையை நீட்டியபோது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

விதிகளுக்கு வருகிறேன். மூன்று பேர் புழங்கும் அமைப்புக்கு ஒன்பது பக்கத்தில் அனுமதி விதிகள் எழுதி, அச்சிட்டு, ஓரத்தில் துளையிட்டு, நூல் கோத்தேன். எந்தக் கோப்புறையை யார் படிக்கலாம், யார் எழுதலாம், யார் கதவைக்கூடப் பார்க்கக் கூடாது என்பதெல்லாம் அட்டவணையாக இருந்தது. விதி நான்கு: அனுமதி மறுக்கப்பட்டவர் நிர்வாகியை அணுகவும். விதி ஏழு: கடவுச்சொல்லை எழுதி எங்கும் ஒட்டக் கூடாது. என் மகள் பன்னாட்டு நிறுவனமொன்றில் இதே வேலையைச் சம்பளத்துக்குச் செய்கிறவள். விதிகளைப் புரட்டிவிட்டு, “எங்க ஆஃபீஸ்ல மூவாயிரம் பேருக்கு இவ்ளோ இல்லப்பா” என்றாள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

சிக்கல் புகைப்படங்களில் தொடங்கியது. மகள் ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கித் தந்திருந்தாள். ஆண்டு, இடம், வரிசை எண் என்ற ஒழுங்கில் நான் படங்களுக்குப் பெயரிட்டு வைப்பேன். என் மனைவி கூடத்துக் கணினியில் உட்கார்ந்து அவற்றை மாற்றுவாள். ஆங்கில எழுத்தில், தமிழில். ‘சித்தி பேத்தி கல்யாணம் ரசத்துல உப்பில்ல.’ ‘இந்த நாய் யாரு வீட்டுது.’ ‘இவர் சிரிச்ச ஒரே போட்டோ.’

தரவு ஒழுங்கு கெடுவதைக் கண்ணுற்ற நிர்வாகி, புகைப்படக் கோப்புறையில் பயனர் அம்மாவுக்குப் படிக்கும் உரிமையை மட்டும் விட்டுவைத்தார்.

அடுத்த நாள் கூடத்திலிருந்து குரல் வந்தது.

“ஏங்க! உள்ள விட மாட்டேங்குது!”

“உள்ளே விடும். மாற்றத்தான் விடாது. பார்க்கலாம், தொடக் கூடாது.”

“எங்க பாட்டி பூஜைக்குக் குளிச்சு மடியா இருக்கறப்ப இதையேதான் சொல்வாங்க. பிடி. ரெண்டு நிமிஷம் தெறந்து விடுங்க, ஒரு பேர மாத்தணும்.”

நான் எழுந்து, படிப்பறையில் கட்டளை இட்டு, அனுமதி திறந்து விடுவேன். அவள் பெயரை மாற்றுவாள். “ஆயித்து!”, முடிந்தது என்று குரல் கொடுப்பாள். நான் மூடுவேன். பிறகு அவள் மாற்றிய பெயரைப் பழைய எண்ணுக்குத் திருப்புவேன். சில நாளில் அவள் கண்டுபிடித்துவிட்டாள். தன் சொந்தக் கோப்புறையில், அதாவது ‘அம்மா’ என்ற கோப்புறையில், படங்களை நகலெடுத்துத் தான் வைக்கும் பெயர்களில் சேமிக்கத் தொடங்கினாள். அங்கே அவள்தான் உரிமையாளர். விதிகளின்படி என் கை அங்கே நீளக் கூடாது. விதிகளை எழுதியவன் நானே.

ஆனாலும் அவள் கூப்பிடுவதை நிறுத்தவில்லை. பொதுக் கோப்புறையில் ஏதாவதொன்றை மாற்ற வேண்டும் என்று தினமும் பதினோரு மணி வாக்கில் குரல் வரும். நான் அலுத்துக்கொண்டு எழுவேன். திறந்து, மூடி, அப்படியே கூடத்துக்குப் போய் உட்கார்ந்து காபி குடிப்பேன். நிரந்தரமாகத் திறந்து வைத்திருக்கலாமே என்று மகள் கேட்டாள். பாதுகாப்புக் கோட்பாடு ஒன்றை மேற்கோள் காட்டினேன். எந்தக் கோட்பாடு என்று இப்போது நினைவில்லை.

ஒரு நாள் மாநகராட்சியிலிருந்து வரிச் சீட்டு வந்தது. வீடு யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதை இந்த ஊரில் காத்தா என்பார்கள். காத்தா அவள் பெயரில். சீட்டையும் என் ஒன்பது பக்கத்தையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு படிப்பறை வாசலில் நின்றாள்.

“வீடு எம்பேர்ல. வீ, ஐ, டீ, யூ மட்டும் உங்க பேர்லயா?”

“அது உரிமை. இது நிர்வாகம்.”

“அப்ப வாட்ச்மேன்னு சொல்லுங்க.”

நோயைப் பற்றி எழுத நான் தகுதியுள்ளவன் அல்லன். உயிரியல் அவள் பாடம். மருத்துவமனையில் அவள் இருந்த பிரிவின் வாசலில் காவலர் ஒருவர் நிற்பார். “ஒப்பரே ஹோகி” என்பார். ஒரே ஒருவர்தான் உள்ளே போகலாம். பார்வை நேரம் முடிந்ததும் மணி அடிப்பார்கள். மற்றவர்கள் கெஞ்சி இன்னும் சற்று இருந்துவிட்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். நான் மணி அடித்ததும் எழுந்துவிடுவேன். அவள் அதைக் கிண்டல் செய்யவும் இல்லை. “பிடி, போய்ட்டு வாங்க. எட்டாவது க்ராஸ்ல காபிப் பொடி வாங்கிடுங்க, தீர்ந்திருக்கும்” என்றாள். தீர்ந்துதான் இருந்தது.

அதன் பிறகு சர்வரில் எந்தப் புகாரும் வரவில்லை. ஒரு நிர்வாகிக்கு இதைவிட நற்சான்று கிடையாது.

சில மாதம் கழித்து, மகள் அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் அழைத்தாள். சர்வரின் வட்டு கரகரவென்று சத்தமிடத் தொடங்கியிருந்தது. புதிய வட்டு வாங்கி எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்றாள். அதற்கு முன் சுத்தம் செய்ய வேண்டும்.

“அம்மா அக்கவுண்ட்ட க்ளோஸ் பண்ணணும்பா.”

“ஏன்?”

“யூஸ் பண்றவங்க இல்லாத அக்கவுண்ட் இருக்கக் கூடாதுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? விதி பதினொண்ணு.”

அப்படி ஒரு விதி இருந்தது.

“மூடினா என்ன ஆகும்?”

“ஃபைல் எல்லாம் இருக்கும். ஓனர்னு அம்மா பேர் வர எடத்துல வெறும் நம்பர் நிக்கும். அதான் மொதல்ல அம்மா ஃபோல்டர வீட்டுப் பேருக்கு மாத்திடுங்க. காத்தா மாத்தற மாதிரிதான். அப்புறம் க்ளோஸ் பண்ணலாம்.”

கோப்புகளைப் பட்டியலிட்டால் ஒவ்வொரு வரியிலும் உரிமையாளர் பெயர் நிற்கும் ஒரு பத்தி உண்டு. என் மனைவியின் படங்களுக்கு நேராக ‘அம்மா’ என்று நிற்கும். அந்தச் சொல்லை அங்கிருந்து எடுக்க வேண்டும். இல்லையேல் அது எண்ணாகிவிடும். நான் கண்ட நடுகற்களில் சில, மாடு மீட்கப் போய் இறந்தவனின் பெயர் பொரிந்துபோய், ஊர்ப்பெயர் மட்டும் தெளிவாக இருப்பவை. அப்படிப்பட்டவற்றுக்கு என் அறிக்கைகளில் ‘பெயர் சிதைந்துள்ளது’ என்று எழுதுவது வழக்கம். அதை எழுதிவிட்டு அடுத்த கல்லுக்குப் போவேன். இங்கே அடுத்த கல் இல்லை. அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். அதற்கடுத்த வாரமும் அதையே சொன்னேன். வட்டின் சத்தம் கூடியது. ஒருவேளை அது நின்றுபோனால் பெயரோடு படங்களும் போகும் என்று மகள் சொன்னதும் வேறு வழி இருக்கவில்லை.

“கமாண்ட நான் சொல்றேன், எழுதிக்கறீங்களா?”

“எனக்குத் தெரியும்” என்றேன். இந்தக் கட்டுரையின் மொத்தப் பொருளும் அந்த இரு சொற்களில் அடங்கும்.

நிர்வாகியாக உள்ளே நுழைந்தேன். அம்மாவுடையதை வீட்டுக்கு மாற்ற வேண்டும். உரிமையை மாற்றும் கட்டளையை அடித்தேன். அடியில் உள்ள எல்லாவற்றுக்கும் இது பொருந்தும் என்ற குறியைச் சேர்த்தேன். பிறகு ‘அம்மா’. பிறகு ‘விடு’. இருமுறை படித்துப் பார்த்தேன். அம்மாவுடையதை, வீட்டுக்கு. பிழையில்லாத வாக்கியம். விசையை அழுத்தினேன். இயந்திரம் எதுவும் சொல்லவில்லை. சொன்னதைச் செய்து முடித்தால் அது எதுவும் சொல்லாது. செய்ய முடியாதபோதுதான் பேசும். வட்டு மட்டும் கரகரத்தது. ஒரு கோப்புறைக்கு இவ்வளவு நேரமா என்று சற்று வியந்தேன். நன்றாக வேலை செய்கிறது என்றும் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை கூடத்துக் கணினியில் உட்கார்ந்து என் கட்டுரை ஒன்றைத் திறக்க முயன்றேன். அனுமதி மறுக்கப்பட்டது. கல்வெட்டுகளிலிருந்து ஒற்றியெடுத்த மைப்படிகளின் கோப்புறையைத் தட்டினேன். மறுக்கப்பட்டது. என் சொந்தக் கோப்புறை, நானே பூட்டி நானே சாவி வைத்திருந்தது, கதவைக்கூடத் திறக்கவில்லை. விதி நான்கின்படி நிர்வாகியை அணுகினேன். எழுந்து படிப்பறைக்குப் போனேன் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறேன்.

பட்டியல் திரையில் ஓடியது. என் மைப்படிகள்: உரிமையாளர் அம்மா. என் ஆய்வுக் குறிப்புகள்: அம்மா. மின்கட்டண ரசீதுகளின் நகல்கள், மகளின் பட்டச் சான்றிதழ், என் ஒன்பது பக்க அனுமதி விதிகள்: அம்மா, அம்மா, அம்மா. என் வாசிப்பு ஒன்றைத் தவறென்று எழுதிய அறிஞருக்கு நான் எழுதி வைத்திருந்த கடுமையான மறுப்பும் அதில் இருந்தது. அதை அனுப்ப வேண்டாம் என்று அவள் பலமுறை சொல்லியிருந்தாள். அதன் நேராகவும் அம்மா. பட்டியல் நின்ற பிறகும் நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். புதிய வட்டு அவள் பையில் இருந்தது. சர்வரின் முன் உட்கார்ந்து, நான் இட்ட பழைய கட்டளைகளை வரிசையாகப் பின்னோக்கிப் பார்த்தாள். ஓர் இடத்தில் நின்றாள். வாயைப் பொத்திக்கொண்டாள். நவம்பருக்குப் பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

“அப்பா, நீங்க இத தமிழ்ல டைப் பண்ணியிருக்கீங்க.”

“இல்லை. ஆங்கில எழுத்தில்தான்…”

“எழுத்து இல்லப்பா, சென்டென்ஸ். அம்மாவோடத வீட்டுக்குன்னு அடிச்சிருக்கீங்க. மிஷினுக்கு மொதல்ல புது ஓனர் பேர சொல்லணும், அப்புறம்தான் எதைன்னு சொல்லணும். அது எப்படி எடுத்துக்கிட்டுது தெரியுமா? அம்மாவுக்கு, வீட்டை. மொத்தத்தையும்.”

வேற்றுமை உருபுகளைக் களைந்துவிட்டால் தமிழில் எஞ்சுவது வெறும் பெயர்கள். அந்தப் பெயர்களில் எது எழுவாய், எது செயப்படுபொருள் என்று கல்லின் முன் மண்டியிட்டுத் தீர்ப்புச் சொல்வதே என் வாழ்நாள் தொழில். அந்தத் தொழிலில் எனக்கு முனைவர் பட்டமும் உண்டு. இதை மகளிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும்.

“அம்மாகிட்ட இத சொல்லியிருந்தா சிரிச்சே செத்து…” என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். பிறகு விசைப்பலகையில் கை வைத்தாள். “ஒண்ணும் போயிடல. மூணு லைன்ல திருப்பிடலாம். மாத்திடவா?”

அந்தப் பத்தியை மறுபடி பார்த்தேன். மேலிருந்து கீழ் வரை ஒரே சொல்.

“விடு” என்றேன்.

“எதை? வீட்டையா?”

“விடும்மா.”

அவள் கையை எடுத்துவிட்டாள். என்னைப் பார்க்கவில்லை, பையிலிருந்த வட்டின் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அம்மா அக்கவுண்ட்டும் இருக்கட்டுமா?”

“யூஸ் பண்றவங்க இருந்தா மூட வேண்டியதில்லையே. விதி பதினொன்று.”

“யார் யூஸ் பண்ணப்போறாங்க?”

“நான்தான். என் கோப்பெல்லாம் அவளிடம் இருக்கிறதே.”

“அப்ப அம்மா பேர்லதான் உள்ள போகணும். பாஸ்வேர்டு தெரியுமா உங்களுக்கு?”

தெரியாமலா. விதி ஏழுக்கு நேர்மாறாக, கூடத்துக் கணினித் திரையின் ஓரத்தில் அவள் ஒரு சீட்டு ஒட்டியிருந்தாள். எடுத்துவிடும்படி நான் இரண்டு சுற்றறிக்கை விட்டிருக்கிறேன். தமிழில் எழுதியிருப்பதால் திருடனுக்குப் புரியாது என்பது அவள் வாதம். இரண்டு எழுத்து, பச்சை மையில், கரும்பலகையில் எழுதிப் பழகிய கை: பிடி.

கூடத்துக்குப் போனோம். பயனர் பெயர் கேட்டது. ‘அம்மா’ என்று அடித்தேன். கடவுச்சொல் கேட்டது. சீட்டைப் பார்த்தேன். பீ, ஐ, டீ, ஐ என்று ஆங்கிலத்தில் ஒவ்வோர் எழுத்தாக அடித்தேன். ‘பீ’ என்றால் பட்டாணிக்கு வரும் பீ.

மறுக்கப்பட்டது.

மகள் என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தாள். “அப்பா. அம்மா அதை என்னிக்குப்பா தமிழ்ல சொன்னாங்க?”

ஓரெழுத்தை மாற்றி அடித்தேன். உள்ளே விட்டது.

செய்யாமல் நிற்பவை:

வீட்டுக் காத்தாவை என் பெயருக்கு மாற்றுவது. விண்ணப்பம் வாங்கியாயிற்று.

சர்வரில் உரிமையாளர் பெயர்களைச் சரிசெய்வது.

விதி ஏழைத் திருத்துவது, அல்லது சீட்டை எடுப்பது.

அறிஞருக்கு மறுப்பு. கோப்பின் உரிமையாளர் இசையவில்லை.

‘இவர் சிரிச்ச ஒரே போட்டோ’ என்ற படத்துக்கு வரிசை எண் இடுவது.